காய்ச்சல் மாத்திரை: ஒரு நாளைக்கு எவ்வளவு?

இந்த அத்தியாயத்தைப் படிக்கும் முன், வீட்டில் இருக்கும் காய்ச்சல் மாத்திரை அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டோலோ, கால்பால், குரோசின், பாசிமால், இலங்கையில் பனடோல் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் சரி. அட்டையைத் திருப்பினால் வெள்ளித்தாளில் பொடி எழுத்தில் ஒவ்வொரு மாத்திரையிலும் என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று அச்சிட்டிருப்பார்கள். ‘பாராசிட்டமால் ஐ.பி. 650 மி.கி.’ என்றோ ‘500 மி.கி.’ என்றோ இருக்கும். (ஐ.பி. என்பது இந்திய மருந்துத் தரநூலைக் குறிக்கிறது. அளவோடு அதற்குச் சம்பந்தமில்லை.) அந்த மில்லிகிராம் எண் தெரியாமல் பாராசிட்டமாலைப் பாதுகாப்பாகச் சாப்பிட முடியாது. ‘காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று’ என்று மாத்திரையை எண்ணும் பழக்கத்தை விட்டு மில்லிகிராமை எண்ணப் பழக வேண்டும். இந்த அத்தியாயம் முழுக்க அந்தக் கணக்குதான்.

பெரியவர்களுக்கான கணக்கு

எடை 50 கிலோவுக்கு மேல், கல்லீரல் நலமாக இருக்கிறது, மதுப்பழக்கம் இல்லை என்றால் ஒரு வேளைக்கு 500 முதல் 1,000 மி.கி. வரை எடுக்கலாம். இரண்டு வேளைகளுக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம் போக வேண்டும். 6 மணி நேரம் விட்டால் இன்னும் நல்லது. 24 மணி நேரத்தில் மொத்தம் 4,000 மி.கி.யைத் தாண்டவே கூடாது. 500 மி.கி. மாத்திரையில் அது 8. 650 மி.கி. மாத்திரையில் 6 போட்டாலே 3,900 ஆகிவிடும், ஏழாவதுக்கு இடமில்லை.

24 மணி நேரம் என்பது காலண்டரில் தேதி மாறுவதைப் பொறுத்ததல்ல. நேற்று மாலை 6 மணிக்குப் போட்டது இன்று மாலை 6 மணி வரை கணக்கில் இருக்கிறது. நள்ளிரவு தாண்டிவிட்டது, புதுக் கணக்கு என்று நினைத்து விடியற்காலையிலேயே மறுபடி ஆரம்பித்தால் ஒன்றரை நாள் அளவு ஒரே நாளில் உள்ளே போய்விடும்.

இதில் இரண்டு விதமான எண்களை நீங்கள் பார்க்க நேரிடும். பிரிட்டனில் பெரியவர்களுக்கான உச்சவரம்பு 4,000 மி.கி. அமெரிக்காவில் டைலனால் என்ற பெயரில் பாராசிட்டமால் தயாரிக்கும் நிறுவனம் 2011-இல் தன் 500 மி.கி. மாத்திரைக்கு, மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் சாப்பிடுபவர்கள் நாளுக்கு 3,000 மி.கி.யோடு நிறுத்த வேண்டும் என்று அட்டையில் மாற்றியது. மருந்தின் தன்மை மாறியதால் அல்ல. தெரியாமல் கூடுதலாகச் சேர்ந்துவிடும் அளவுக்கு இடம் விட்டு வைப்பதற்காக. நம் வீடுகளுக்கு 3,000 மி.கி.தான் சரியான கோடு என்பது என் உறுதியான கருத்து. 4,000 வரை போவது மருத்துவர் நேரில் பார்த்துச் சொன்னால் மட்டும். ஏன் என்பது கொஞ்ச நேரத்தில் விளங்கும்.

650 மி.கி. மாத்திரைகளில் ஒரு தனி ஆபத்து உண்டு. முன்பு 500 மி.கி.யில் இரண்டு போட்டுப் பழகியவர்கள் அதே கையோடு 650-லும் இரண்டு போடுகிறார்கள். ஒரு வேளைக்கு 1,300 மி.கி. அப்படி நான்கு வேளை என்றால் 5,200. ‘ஒன்று போட்டால் கேட்க மாட்டேன் என்கிறது’ என்பவர்களுக்கு ஒரு விஷயம்: மாத்திரை வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் பொறுமை இழந்து இரண்டாவதைப் போடுவதால் காய்ச்சல் சீக்கிரம் இறங்கிவிடப் போவதில்லை.

எடை குறைந்தவர்கள்

அட்டையில் போட்டிருக்கும் பெரியவர் அளவு 50 கிலோவுக்கு மேற்பட்ட உடம்பை மனதில் வைத்து எழுதியது. நம் வீடுகளில் 40, 42 கிலோவில் எத்தனை அம்மாக்கள், பாட்டிகள் இருக்கிறார்கள்! அவர்களுக்கு எடையை வைத்துக் கணக்கிட வேண்டும்: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி., நாளுக்குக் கிலோவுக்கு 60 மி.கி. 40 கிலோ எடையுள்ள பாட்டிக்கு ஒரு வேளைக்கு 600, நாளுக்கு 2,400 மி.கி. என்று வரும். 500 மாத்திரை என்றால் நான்கு தரலாம். 650 என்றால் ஒரு வேளை அளவே சற்றுக் கூடுதல், மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டிலேயே ஒரே அட்டையிலிருந்து மகனுக்கும் பாட்டிக்கும் ஒரே மாதிரி பிய்த்துக் கொடுப்பதுதான் வழக்கம். அந்த வழக்கத்தை மாற்ற வேண்டும்.

கல்லீரலில் நடப்பது

இந்த மருந்தை மனிதர்களுக்கு முதன்முதலில் கொடுத்துப் பார்த்தது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஜெர்மனியில். பரவலாக விற்பனைக்கு வந்தது 1950-களில். அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும் என்ற செய்தி மருத்துவ இதழில் வந்ததோ 1966-இல்தான், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரிலிருந்து. அதுவரை சாதுவான மருந்து என்றே பெயர் வாங்கியிருந்தது. சரியான அளவில் அது இன்றைக்கும் சாதுதான். வயிற்றைப் புண்ணாக்குவதில்லை, சிறுநீரகத்தை மற்ற வலி மாத்திரைகள் அளவுக்குத் தொந்தரவு செய்வதில்லை. அதனால்தான் மருத்துவர்கள் முதலில் இதையே எழுதுகிறார்கள்.

விழுங்கிய மருந்தில் பெரும்பகுதியைக் கல்லீரல் தீங்கில்லாத பொருளாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். நூற்றில் 5 முதல் 10 பங்குவரை மட்டும் வேறு வழியில் போய் நச்சுப்பொருளாகிறது. கல்லீரலில் குளூட்டாதயோன் என்ற பொருள் எப்போதும் கையிருப்பில் இருக்கும். அது அந்த நஞ்சைப் பிடித்து முறித்துவிடும். அளவுக்குள் சாப்பிட்டால் செலவாவதும் ஊறுவதும் சரிக்குச் சரியாகிவிடும். அளவு மீறும்போது நஞ்சு அதிகம் உண்டாகிறது, கையிருப்பு தீர்கிறது, மிஞ்சிய நஞ்சு கல்லீரலின் செல்களையே தாக்குகிறது.

கையிருப்பு யாருக்கெல்லாம் குறைவாக இருக்கும் என்று பார்த்தால் உச்சவரம்பு ஏன் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க முடியாது என்பது புரியும். தினமும் மது அருந்துபவர்கள். சத்துக்குறைவானவர்கள். இரண்டு மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாதவர்கள். ‘லங்கணம் பரம ஔஷதம்’ என்று காய்ச்சலில் பட்டினி போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. வெறும் வயிற்றோடு கிடந்துகொண்டே நான்கு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை போடுவது அந்தக் கையிருப்பை இரண்டு பக்கமும் கரைக்கும். காய்ச்சலில் பசி எடுக்காதது இயல்பு. கஞ்சி, ரசம் சாதம், இட்லி, இளநீர் என்று ஏதாவது கொஞ்சமாவது உள்ளே போக வேண்டும். இரண்டு நாள் எதுவும் இறங்கவில்லை என்றால் மாத்திரையையும் குறைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

மது அருந்துபவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள் பாராசிட்டமாலைத் தொடவே கூடாது என்றில்லை. நாளுக்கு 2,000 மி.கி. என்ற வரம்பைத்தான் மருத்துவர்கள் பெரும்பாலும் சொல்வார்கள். ஆனால் அதை அவர்களே சொல்ல வேண்டும். காசநோய்க்கு ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர்களும், வலிப்புக்கு ஃபெனிட்டாய்ன், கார்பமாசெபின் சாப்பிடுபவர்களும் மருத்துவரிடம் அதைச் சொல்லி அளவு கேட்டுக்கொள்ள வேண்டும். இதய வால்வுக்காகவோ இரத்தக் கட்டிக்காகவோ வார்ஃபரின் எடுப்பவர்கள் பாராசிட்டமாலைத் தொடர்ந்து சில நாள் சாப்பிட்டால் இரத்தம் உறையும் அளவு மாறிவிடக்கூடும், ஐ.என்.ஆர். பரிசோதனையை முன்கூட்டியே செய்துகொள்வது நல்லது.

தெரியாமல் சேரும் கணக்கு

காய்ச்சலுக்கும் வலிக்கும் சாப்பிடுபவர்கள் வேண்டுமென்றே உச்சவரம்பைத் தாண்டுவதில்லை. இங்கேதான் பலரும் தாண்டுகிறார்கள். பாராசிட்டமால் காய்ச்சல் மாத்திரையில் மட்டும் இல்லை. சளி மாத்திரைகளில் இருக்கிறது: சினாரெஸ்ட் போன்றவற்றில் ஒன்றுக்கு 500 மி.கி. மூட்டுவலி, முதுகுவலி மாத்திரைகளில் இருக்கிறது: காம்பிஃப்ளாமில் ஐபுபுரோஃபெனோடு 325 மி.கி., ஜெரோடால்-பி-யில் அசிக்ளோஃபெனாக்கோடு 325 மி.கி. பெயரின் கடைசியில் வரும் அந்த ‘பி’ பாராசிட்டமாலைத்தான் குறிக்கிறது. தலைவலிக்கு வாங்கும் சாரிடானிலும் உண்டு. டிராமடால் கலந்த வலி மாத்திரைகள் சிலவற்றிலும் உண்டு. அமெரிக்காவிலிருந்து வரும் உறவினர்கள் பெட்டியில் கொண்டுவரும் டைலனால் புட்டியில் ‘அசிட்டமினோஃபென்’ என்று போட்டிருக்கும். அதுவும் இதே மருந்துதான்.

60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஜுரமும் சளியும் பிடித்திருக்கிறது, ஏற்கெனவே முழங்கால் வலிக்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். காலை 6 மணிக்குக் காய்ச்சல் மாத்திரை, 650. ஒன்பது மணிக்குச் சளி மாத்திரை, 500. பகல் 1 மணிக்கு மறுபடி காய்ச்சல் மாத்திரை, 650. சாப்பிட்டதும் முழங்கால் மாத்திரை, 325. சாயங்காலம் 5 மணிக்குத் தெருமுனை கிளினிக்குக்குப் போகிறார். அங்கே தாள் கவரில் போட்டுக் கொடுத்ததில் பெயர் தெரியாத வெள்ளை மாத்திரை ஒன்று, 500. இரவு 8 மணிக்குக் காய்ச்சல் மாத்திரை 650, அதோடு சளி மாத்திரை 500. படுக்கும் முன் முழங்காலுக்கு 325. கூட்டினால் 4,100 மி.கி. கேட்டால் ‘மூணு காய்ச்சல் மாத்திரைதான் போட்டேன்’ என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. கிளினிக்கில் இடுப்பில் போட்ட ஊசியும் பாராசிட்டமாலாக இருந்திருந்தால் கணக்கு இன்னும் மேலே போகும். நாளுக்கு 3,000-த்தில் நிறுத்துங்கள் என்று முன்னே சொன்னது இதற்காகத்தான்.

கடைகளில் அட்டையைக் கத்தரியால் வெட்டி நான்கு மாத்திரை, இரண்டு மாத்திரை என்று கொடுக்கிறார்கள். வெட்டிய துண்டில் மருந்தின் பெயர் பாதி, காலாவதித் தேதி இல்லை, மில்லிகிராம் இல்லை என்ற நிலையில் வீட்டுக்கு வரும். எழுத்துள்ள பகுதியோடு வெட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். முடியாது என்றால் கவரின் மேலேயே மருந்தின் பெயரையும் அளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள். ‘அண்ணா, இதுல பாராசிட்டமால் எவ்வளவு இருக்கு?’ என்ற ஒரு கேள்வி போதும். மருந்தாளுநருக்கு அது நன்றாகத் தெரிந்த விஷயம். மருத்துவரிடமும் ‘வீட்டுல ஏற்கெனவே இதைச் சாப்பிட்டேன் டாக்டர்’ என்று சொல்லிவிட்டுத்தான் புதுச்சீட்டை வாங்க வேண்டும்.

ஒரே வீட்டில் நோயாளியை இரண்டு பேர் மாறி மாறிக் கவனிக்கும்போது மனைவி கொடுத்தது மகளுக்குத் தெரியாமல் போகும். தினசரி காலண்டரில் கிழித்த தாளை எடுத்து அதன் பின்பக்கத்தில் எழுதி அலமாரியில் ஒட்டிவிடுங்கள்: ‘காலை 6.10 – 650. பகல் 1 – சளி மாத்திரை – 500’. மருத்துவமனைக்குப் போனால் அந்தத் தாளையும் கையோடு எடுத்துப் போங்கள். ஐந்து நிமிடக் கேள்விகள் மிச்சமாகும்.

குழந்தைகளுக்கு

குழந்தைகளுக்கு வயதைப் பார்த்துக் கொடுப்பதைவிட எடையைப் பார்த்துக் கொடுப்பதே சரி. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி.; 4 முதல் 6 மணி நேர இடைவெளி; 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு அதிகபட்சம் 150 மி.கி.

சிக்கல் மில்லிகிராமில் இல்லை, மில்லிலிட்டரில் இருக்கிறது. நம் கடைகளில் ஒரே மருந்து பல செறிவுகளில் கிடைக்கிறது. 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப் என்றால் அந்தக் குழந்தைக்கு 6 மி.லி. 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ளது என்றால் 3 மி.லி.தான். 1 மி.லி.யிலேயே 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து என்றால் ஒன்றரை மி.லி. மட்டும். மூன்றும் ஏறக்குறைய ஒரே நிறம், ஒரே இனிப்பு. சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தில் 5 மி.லி. கொடுத்துவிட்டால் அந்தப் பிஞ்சு உடம்புக்குள் 500 மி.கி. போகிறது, இருக்க வேண்டியதற்கு மூன்று மடங்குக்கு மேல். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே அமெரிக்காவில் 2011 முதல் குழந்தைகளுக்கான திரவ மருந்தை 5 மி.லி.க்கு 160 மி.கி. என்ற ஒரே செறிவுக்குக் கொண்டுவந்தார்கள். நம் ஊரில் அப்படி இல்லை. புதுப் புட்டி வாங்கும் ஒவ்வொரு முறையும் லேபிளைப் படித்து, மருத்துவர் சொன்ன மில்லிலிட்டர் எந்தச் செறிவுக்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சொட்டு மருந்தையும் சிரப்பையும் ஒன்றாக வைக்காதீர்கள்.

சமையலறைக் கரண்டியால் அளக்காதீர்கள். ஒரு வீட்டு டீ ஸ்பூன் இன்னொரு வீட்டு டீ ஸ்பூன் அளவில் இருப்பதில்லை. புட்டியோடு வரும் மூடியிலோ, ஊசி இல்லாத சிரிஞ்சிலோ அளந்த பிறகு பாலாடையில் ஊற்றிப் புகட்டலாம். பாலாடையிலேயே கண்ணளவாக ஊற்றக் கூடாது. கொடுத்த உடனே குழந்தை கக்கிவிட்டால் எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது. உடனே முழு அளவையும் மறுபடி கொடுக்காமல் மருத்துவரைக் கேளுங்கள். ஆசனவாயில் வைக்கும் மருந்திலும் பாராசிட்டமால்தான் இருக்கிறது, அதுவும் ஒரு வேளைக் கணக்கு. காய்ச்சலுக்கு இரண்டு சிரப்புகளை மாற்றி மாற்றிக் கொடுக்கச் சொல்லியிருந்தால் இரண்டின் லேபிளையும் பாருங்கள். ஐபுபுரோஃபெனும் பாராசிட்டமாலும் சேர்ந்த சிரப்புகள் கடையில் உண்டு.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலே வீட்டு வைத்தியம் வேண்டாம், மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்கள். தடுப்பூசி போட்ட அன்று வரும் காய்ச்சலுக்குச் செவிலியர் சொல்லி அனுப்பும் அளவு தனி. அதற்கு மேல் ஒரு சொட்டும் கூடாது. பெரிய குழந்தைகளில் தெர்மாமீட்டர் 98.6-க்கு இறங்கியே தீர வேண்டும் என்று துரத்த வேண்டியதில்லை. 100 இருக்கும்போதே குழந்தை விளையாடுகிறது, தண்ணீர் குடிக்கிறது என்றால் அடுத்த வேளைக்கு அவசரமில்லை.

டெங்கு காலத்தில்

மழைக்காலத்தில் வரும் காய்ச்சலுக்கு ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபெனமிக் ஆசிட், ஆஸ்பிரின் வேண்டாம், பாராசிட்டமால் மட்டும் போதும் என்று சுகாதாரத் துறையினர் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். டெங்குவில் தட்டணுக்கள் குறையும். மற்ற வலி மாத்திரைகள் இரத்தக் கசிவை அதிகமாக்கும். சரியான அறிவுரை. ஆனால் அதைப் பாராசிட்டமாலை எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம் என்று புரிந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். டெங்கு கல்லீரலையும் வீங்கச் செய்யும் நோய். ஏற்கெனவே சோர்ந்த கல்லீரலில் அதிகப்படி மருந்தும் சேர்வது மோசமான கூட்டு. டெங்குவுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் இரண்டு வேளைகளுக்கு நடுவே 6 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்கிறது. டெங்குக் காய்ச்சல் மாத்திரைக்குச் சரியாக இறங்காது, இறங்கினாலும் ஏறும். நடுவில் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், நீராகாரம் கொடுங்கள். எந்தக் காய்ச்சலாக இருந்தாலும் மூன்றாவது நாளைத் தாண்டினால் மாத்திரையை நீட்டிக்காமல் இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

தலைவலிக்காக மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும் மாத்திரை தேவைப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அப்படி மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் மாத்திரையே தலைவலியை உண்டாக்க ஆரம்பிக்கும். அளவுக்குள்தானே போடுகிறேன் என்று இருந்துவிடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

அளவு மீறிவிட்டால்

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: முதல் நாள் ஒன்றும் தெரியாமல் போகலாம். கொஞ்சம் குமட்டல், ஒருமுறை வாந்தி, அவ்வளவுதான். சிலருக்கு அதுவும் இராது. வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி, கண்ணில் மஞ்சள், குழப்பம் எல்லாம் இரண்டாம், மூன்றாம், நான்காம் நாள்களில் வரும். அப்போது கல்லீரல் வெகுவாகக் கெட்டிருக்கும். ஆகவே ‘நல்லாத்தானே இருக்கார், காலையில பார்க்கலாம்’ என்ற முடிவைப் பாராசிட்டமால் விஷயத்தில் எடுக்கவே கூடாது. குழந்தை புட்டியைத் திறந்து குடித்துவிட்டது என்றாலும், வயதானவர் மறந்துபோய் இரண்டு மூன்று முறை போட்டுவிட்டார் என்றாலும் அறிகுறிக்குக் காத்திராமல் கிளம்புங்கள். இந்தியாவில் 108, இலங்கையில் 1990 ஆம்புலன்ஸுக்கான எண்கள்.

மனம் உடைந்து வேண்டுமென்றே விழுங்கியவர் என்றால் இதே அவசரத்தோடு இன்னும் கொஞ்சம் பரிவும் வேண்டும். ஏன் செய்தாய் என்று கேட்கவும் திட்டவும் அது நேரமல்ல. அவரைத் தனியே விடாமல் அழைத்துப் போங்கள். மறுநாள் ‘தேறிவிட்டேன், வீட்டுக்குப் போகலாம்’ என்று அவர் சொன்னாலும் மருத்துவர் அனுப்பும்வரை இருக்க வேண்டும். பேச ஆள் வேண்டும் என்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் 104, இந்தியா முழுக்க டெலி மானஸின் 14416 இரண்டிலும் எந்நேரமும் ஆள் இருப்பார்கள். அப்படி ஒருவர் இருக்கும் வீட்டில் மாத்திரைகளை மொத்தமாக வாங்கி வைக்காதீர்கள். பிரிட்டனில் 1998 செப்டம்பரில் சாதாரணக் கடையில் 16, மருந்துக்கடையில் 32 என்று ஒரு பாக்கெட்டின் அளவையே சட்டத்தால் குறைத்தார்கள். அதன் பிறகு பாராசிட்டமால் சாவுகள் அங்கே குறைந்தன.

உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். வீட்டில் கிடக்கும் எல்லா அட்டைகளையும் காலியானவை உட்பட, புட்டிகளையும் ஒரு பையில் அள்ளிக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு, ஒரே தடவையா பல தடவையா, எடை என்ன, மது உண்டா என்பதை மருத்துவர் கேட்பார். மணி மிக முக்கியம்: ஒரே தடவையாகச் சாப்பிட்டிருந்தால் நான்கு மணி நேரம் கழித்து எடுக்கும் இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்துத்தான் சிகிச்சையை முடிவு செய்வார்கள். அதற்காக வீட்டிலேயே நான்கு மணி நேரம் உட்கார்ந்திருக்கக் கூடாது. மாற்று மருந்தின் பெயர் அசிட்டைல்சிஸ்டீன். தீர்ந்துபோன குளூட்டாதயோனைக் கல்லீரல் மறுபடி உண்டாக்கிக்கொள்ள உதவுவது. 1970-களில் எடின்பரோவில்தான் இதையும் நரம்பு வழியாகக் கொடுத்துப் பயனை நிறுவினார்கள். விழுங்கி 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் கல்லீரலை ஏறக்குறைய முழுதாகக் காப்பாற்றிவிடலாம். அந்த நேரம் கடந்துவிட்டது என்று தெரிந்தாலும் போங்கள். தாமதமாகக் கொடுத்தாலும் அந்த மருந்துக்குப் பலன் உண்டு.